செத்துப்போன சிந்தசைசர்

எனக்கு மெட்டு உதிப்பதெல்லாம் இரவு 11 மணிக்கு மேல்தான். அன்றும் உதித்தது. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, மின்சாரத்தில் சுரம் எழுப்பும் கீபோர்டான சிந்தசைசரை ஆன் செய்து கட்டையை அழுத்தினேன். சத்தமே இல்லை.

வால்யூமைக் கூட்டினேன். ம்ஹூம். கடைசிவரை திருகினேன். ம்ஹூம். அணைத்துப் போட்டேன். கேபிளைப் பிடுங்கி, ஊதி, மறுபடி செருகினேன் (ஊதினால் என்ன சரியாகும் என்று கேட்காதீர்கள், வாய் தானாகக் குவிகிறது). அப்புறம் பழி ஹெட்ஃபோன் மேல் விழுந்தது. அதைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரில் இணைத்தேன். சத்தம் துளியும் இல்லை. ஆனால் கட்டையை அழுத்தும்போதெல்லாம் ஸ்பீக்கரின் கூம்பு மட்டும் குளிரில் நடுங்குவதுபோல் முன்னும் பின்னும் துடித்தது. புத்தியுள்ளவன் அங்கேயே யோசித்திருப்பான். நான், "போச்சு, ஸ்பீக்கரும் போச்சு" என்றேன்.

நடந்தது இதுதான். முந்தின நாள் ஒரு பாட்டை முடிக்கும்போது, ஒலி தூரமாய்ப் போய் மறையட்டும் என்று லோ-பாஸ் ஃபில்டரின் கட்ஆஃப் குமிழை மெதுவாக இடப்பக்கம் கோடிவரை திருகியிருந்தேன். அழகாகத்தான் இருந்தது. அந்த மயக்கத்தில் அப்படியே விட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டேன். லோ-பாஸ் என்பது ஒலிக்கு ஒரு சல்லடை. கட்ஆஃப் என்கிற எல்லைக்குக் கீழே உள்ள அதிர்வெண்களை விடும், மேலே உள்ளதை அமுக்கும். என்னுடையது ஆக்டேவுக்கு, அதாவது அதிர்வெண் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறைக்கும், 24 டெசிபல் (ஒலி அளவின் அலகு) அமுக்குகிற ரகம். 1960களில் சிந்தசைசர் முன்னோடி ராபர்ட் மூக் வடிவமைத்தாரே, அந்த ஏணி ஃபில்டரின் வாரிசு. கட்ஆஃப் 20 ஹெர்ட்ஸில் கிடந்தால் 110 ஹெர்ட்ஸ் சுரமே கிட்டத்தட்ட 59 டெசிபல் இறங்கிவிடும். அதற்கு மேலுள்ள ஹார்மானிக்ஸ் (சுரத்தோடு சேர்ந்து வரும் மேல் அதிர்வுகள்) கதையைக் கேட்கவே வேண்டாம்.

போதாக்குறைக்கு, கட்ஆஃபை ஒட்டிய ஒலியைத் தூக்கிக் காட்டும் ரெசொனன்ஸும் உச்சத்தில் இருந்தது. அந்த அளவுக்கு ஏற்றிவிட்டால் ஃபில்டருக்குச் சுரத்தை உண்டாக்கும் ஆஸிலேட்டரே தேவையில்லை, கட்ஆஃப் நிற்கிற இடத்தில் தானே விசிலடிக்கும். 20 ஹெர்ட்ஸ் விசில் காதுக்கு எட்டாது. கூம்புக்கு எட்டும்.

இதெல்லாம் பிற்பாடு வந்த ஞானம். அப்போது, ஒரு விரலால் கட்டையை அழுத்தியபடியே, எதற்கும் பார்ப்போம் என்று கட்ஆஃபைப் பிடித்து ஒரே திருகு.

ஊஊஊஉஉஇஇஈஈஈ!

விரலை எடுத்தால் நின்றிருக்கும். பயத்தில் நான் இன்னும் கெட்டியாக அழுத்தினேன்.

மனைவி ஓடி வந்தாள். "என்னங்க, என்ன கத்துது?"

"ஃபில்டர்."

"தண்ணி ஃபில்டரா? அது ஏன் இந்த நேரத்துல கத்துது?" என்று சமையலறைக்குப் போய் அதன் ஸ்விட்சை அணைத்தாள். அதே நொடியில்தான் நானும் விரலை எடுத்தேன். "நின்னுடுச்சு பாருங்க" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனாள். நான் மறுக்கவில்லை.

ரெசொனன்ஸைக் குறைத்து, கட்ஆஃபைப் பாதிக்குக் கொண்டுவந்தேன். அருமையான, உருண்டு திரண்ட பேஸ் ஒலி, அந்தக் கனத்த கீழ்ச்சுரம், வந்தது. மெட்டுதான் போயே போய்விட்டது.

காலையில் மகன் ஷூ மாட்டிக்கொண்டே ஒரு விசிலடித்தான், அடியில் தொடங்கி உச்சிவரை ஒரே இழுப்பில்.

"என்னடா அது?"

"நேத்து ராத்திரி நீங்க போட்ட பாட்டுப்பா."