காலாவதி தேதி

அமெரிக்காவில் வீட்டுக் கடனுக்காக ஒரு வீட்டை மதிப்பிடும்போது பெரும்பாலும் 1004 என்ற படிவத்தில்தான் எழுதுவோம். கையெழுத்துப் பக்கத்தில் பெயர், முகவரி, சான்றிதழ் எண் எல்லாம் போட்ட பிறகு ஒரு வரி வரும்: லைசன்ஸ் காலாவதியாகும் தேதி. பதினொரு வருடம் அந்த வரியை மென்பொருளே நிரப்பிக்கொண்டிருந்தது. நான் அதைப் படித்ததே இல்லை. 2022 மே மாதம் அந்தத் தேதி கடந்தபோது பாளையங்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன்.

அப்பாவுக்குப் பக்கவாதம். வலது பக்கம் விழுந்துவிட்டது. அவர் பத்திர எழுத்தர். முப்பது வருடத்துக்கு மேல் கிரையப் பத்திரமும் பாகப்பிரிவினையும் எழுதிய கை அது. வடக்கே இன்னார் வீடு, கிழக்கே வாய்க்கால் என்று செக்குபந்தி எழுதும்போது அவர் யாரோடும் பேச மாட்டார். பத்திரத்தின் கடைசியில் தன் பெயரையும் உரிம எண்ணையும் நிறுத்தி நிதானமாக எழுதுவார். அந்தக் கைக்கு இப்போது டம்ளரைப் பிடிக்க முடியவில்லை.

மூன்று வாரம் என்று போனவள் ஏறத்தாழ இரண்டு வருடம் இருந்தேன். புதுப்பிக்கச் சொல்லி வந்த மின்னஞ்சலைப் பார்த்தேன். அடுத்த வாரம் பார்க்கலாம் என்று வைத்தேன். அப்புறம் அதைத் தேடவே இல்லை. அப்பா 2023 ஐப்பசியில் போனார். டிசம்பரில் கலிபோர்னியாவின் ஃப்ரீமாண்டுக்குத் திரும்பி, மதிப்பீட்டாளர்களின் தேசியப் பதிவேட்டில் என் பெயரைத் தட்டிப் பார்த்தேன். பெயர் இருந்தது. ஆனால் நடப்பில் இல்லை என்றிருந்தது. வங்கிக்காரர்கள் வேலை கொடுப்பதற்கு முன் பார்ப்பது அந்தப் பதிவேட்டைத்தான்.

கலிபோர்னியாவில் காலாவதியான நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் தாமதக் கட்டணம் கட்டிப் புதுப்பிக்கலாம். அதைத் தாண்டினால் புதிதாக வருபவர்போல முதலிலிருந்து தொடங்க வேண்டும். எனக்கு ஐந்து மாதம் மிச்சம் இருந்தது. தொழில் செய்யாமல் இருந்த காலத்துக்கும் தொடர்கல்வி மணிநேரத்தைக் கணக்குக் காட்ட வேண்டும். நாடு முழுக்க உள்ள குறைந்தபட்சம் வருடத்துக்கு 14 மணி நேரம். யுஸ்பாப் என்று நாங்கள் சொல்லும் தொழில் நெறிமுறையின் 7 மணி நேர வகுப்பும் அந்தக் கணக்கில் இருக்க வேண்டும், அதுவும் ஆகக் கடைசிப் பதிப்பில்.

அந்த மாதங்களில்தான் எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் கூப்பிட்டார். பயிற்சிக் காலத்தில் இரண்டு வருடம் அவர் காரில் உட்கார்ந்து ஊரைச் சுற்றியவள் நான். கையில் வருமானம் இல்லை என்பது அவருக்குத் தெரியும். "நீ போய் அளந்து, ரிப்போர்ட்டை எழுதிவிடு. நான் கையெழுத்துப் போடுகிறேன். பாதிப் பணம் உனக்கு" என்றார். உதவுகிற மனசோடுதான் சொன்னார். அன்று இரவு 1004 படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு, மதிப்பீட்டாளர் உறுதிமொழியில் இருக்கும் 25 வாசகங்களையும் வரிவரியாகப் படித்தேன். இரண்டாவது வாசகம், இந்த வீட்டின் உள்ளும் புறமும் நானே முழுமையாகப் பார்வையிட்டேன் என்கிறது. அவர் பார்க்காத வீட்டுக்கு அவர் அதில் கையெழுத்துப் போட வேண்டும். நான் பார்த்த வீட்டில் என் பெயர் இருக்காது. மறுநாள் அவரிடம் முடியாது என்றேன். கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, வகுப்பை முதலில் முடி" என்றார். வாடகைக்கு அந்த மாதம் நகை அடகு வைக்கும் நிலைக்கு வந்திருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வகுப்புகளில் பலதும் தெரிந்த சங்கதிதான். ஆனால் 2024 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த யுஸ்பாப் பதிப்பில், பாகுபாடு காட்டக்கூடாது என்பதற்கென்றே ஒரு பகுதியைச் சேர்த்திருந்தார்கள். அதைப் படித்தபோது என் பழைய ரிப்போர்ட்டுகள் கண்முன் வந்தன. அக்கம்பக்கம் பற்றிய பத்தியில் "விரும்பத்தக்க பகுதி" என்று எத்தனை தடவை எழுதியிருப்பேன்? யாருக்கு விரும்பத்தக்கது, எதை வைத்து விரும்பத்தக்கது என்று ஒரு நாளும் கேட்டுக்கொண்டதில்லை. 1930களில் இந்த நாட்டு நகரங்களின் வரைபடங்களில், கறுப்பின மக்கள் வாழ்ந்த தெருக்களுக்குச் சிவப்பு மை தீட்டிக் கடன் ஆபத்து என்று குறித்தார்கள். அந்தக் காலத்து மதிப்பீட்டுக் கையேடுகளே அண்டை வீட்டுக்காரரின் இனத்தை விலையில் சேர்த்தன. பல பழைய வீட்டுப் பத்திரங்களில் இந்த மனையை வெள்ளையர் அல்லாதாருக்கு விற்கக்கூடாது என்ற நிபந்தனையே உண்டு. 1948இல் உச்ச நீதிமன்றம் அதை நீதிமன்றங்கள் நிறைவேற்ற முடியாது என்றது. 1968இல் நியாய வீட்டுவசதிச் சட்டம் வந்தது.

அப்பாவின் அலமாரியில் இருந்த பழைய பத்திர நகல்கள் நினைவுக்கு வந்தன. வாங்குகிறவர், விற்கிறவர் பெயரோடு சாதியும் ஒட்டிக்கொண்டிருக்கும். செக்குபந்தியில் வடக்கே இன்ன சாதித் தெரு என்று இருக்கும். இங்கே நம் ஆட்கள் வீடு பார்க்கும்போதும் "நல்ல ஏரியாதானே?" என்றுதான் என்னைக் கேட்பார்கள். பள்ளிக்கூட மதிப்பெண்ணைச் சொல்கிறார்களா, வேறெதையாவது சொல்கிறார்களா என்று நான் பிரித்துப் பார்த்ததில்லை. இப்போது எதை அளக்க முடியுமோ அதை மட்டும் எழுதுகிறேன்: பள்ளி எத்தனை மைல், ரயில் நிலையம் எத்தனை மைல், ஆறு மாதத்தில் எத்தனை வீடு விற்றது, எத்தனை நாளில் விற்றது.

மார்ச்சில் விண்ணப்பத்தையும் தாமதக் கட்டணத்தையும் அனுப்பினேன். காலாவதியான நாளிலிருந்து ஒரு ரிப்போர்ட்டிலும் கையெழுத்திடவில்லை என்று ஒரு கடிதமும் வைத்தேன். யாரும் கேட்கவில்லை. எனக்கு அதை எழுதிவைக்க வேண்டும்போல் இருந்தது. காத்திருந்த வாரங்களில் என் வீட்டையே லேசர் மீட்டரால் திரும்பத் திரும்ப அளந்தேன். வங்கிகளிடமிருந்து வீட்டுக் கடன்களை வாங்கும் ஃபேனி மே நிறுவனம் 2022 ஏப்ரலிலிருந்து, வீட்டின் பரப்பை அளக்க ஆன்சி என்ற அளவுமுறையைக் கட்டாயமாக்கியிருந்தது. நான் ஊரில் இருந்ததால் அது என் கைக்குப் பழகியிருக்கவில்லை.

பதிவேட்டில் என் பெயருக்கு எதிரே நடப்பு என்று வந்த அன்று அம்மாவுக்கு போன் போட்டேன். "அந்தச் சீட்டு வந்துட்டாட்டி?" என்றாள்.

"வந்துட்டும்மா."

"அப்பா படத்துக்கிட்ட சொல்லிட்டு வாரேன், வச்சிராத" என்று போனை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். மின்விசிறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

முதல் வேலை ஃப்ரீமாண்டிலேயே நைல்ஸ் பக்கம், 1950களில் கட்டிய ஒரு மாடியில்லாத வீடு. பின்பக்கம் ஓர் அறையைச் சேர்த்திருந்தார்கள். வீட்டுக்காரப் பாட்டி அதைத்தான் முதலில் காட்டினார். அவர் கணவர் தன் கையால் கட்டியதாம். ஜன்னலோரம் தையல் மிஷின், மேலே வரிசையாகப் பேரப்பிள்ளைகள் படம். கூரையை அளந்தேன்: 6 அடி 10 அங்குலம். ஏழு அடி இல்லாத அறையை வீட்டின் வாழும் பரப்பில் சேர்க்க முடியாது. இன்னும் இரண்டு இடத்தில் அளந்தேன். அதே 6 அடி 10 அங்குலம்தான். பாட்டியிடம் அங்கேயே சொன்னேன். பரப்பளவில் வராது, ஆனால் அறை இருக்கிறது என்று தனியாக எழுதுவேன், சந்தையில் அதற்கு மதிப்பு உண்டென்றால் அதையும் காட்டுவேன் என்றேன். அவர் ஜன்னல் சட்டத்தைத் தடவிக்கொண்டு நின்றார். "அவர் உயரம் குறைவு. அவருக்கு அது போதுமாக இருந்தது" என்றார்.

அன்று ராத்திரி கையெழுத்துப் பக்கம் வந்ததும் மென்பொருள் பழைய தேதியையே காட்டியது, 2022 மே. அதை அழித்துவிட்டு, புதுச் சான்றிதழைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வோர் எண்ணாகப் பார்த்து அடித்தேன்.