வராதவர்களின் பெயர் எந்த நோட்டில் இருக்கிறது?

மார்ச் பிறந்தால் எங்கள் ஆரம்ப சுகாதார மையத்தில் பேச்செல்லாம் ஒன்றுதான். டாக்டர், நர்ஸ் நான், லேப் டெக்னீஷியன், எல்லாருமே காண்ட்ராக்ட். ரினியூவல் ஆர்டர் எப்போது வரும், வந்தாலும் இதே இடமா, பெங்களூரின் வேறு மூலையா, ஒன்றும் தெரியாது. போன வருஷம் எங்கள் டாக்டர் அந்த ஆர்டருக்குக் காத்திருக்காமல் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை, இரண்டு பிள்ளைகளை ஸ்கூலில் படிக்க வைத்துக்கொண்டிருக்கிறார்.

ஆனால் அவர் போனபிறகு நடந்த ஒன்றை என்னால் மறக்க முடியவில்லை. மார்க்கெட்டில் பூ விற்கும் ஒரு அம்மா, பல வருஷச் சுகர், மாதம் தவறாமல் மாத்திரைக்கு வருவார். டாக்டர் மாறிய பிறகு நான்கு மாதம் அவர் வரவில்லை, அது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. காலில் புண்ணோடு வந்து உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. “புது டாக்டர்கிட்ட மறுபடி மொதல்லேர்ந்து சொல்லணுமேன்னு அலுப்பா இருந்துச்சு கண்ணு, பழைய சீட்டைக் காட்டி மெடிக்கல்லயே வாங்கிக்கிட்டேன், அப்புறம் கையில காசு இல்ல, விட்டுட்டேன்” என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அன்று ராத்திரி இங்கிலாந்தில் இருக்கும் என் சித்தி மகளுக்குப் போன் போட்டேன். அவள் அங்கே ஒரு ஜிபி கிளினிக்கில், அதாவது குடும்ப டாக்டர் நடத்தும் கிளினிக்கில், ரிசப்ஷனில் இருக்கிறாள். “நாங்களும் காண்ட்ராக்ட்தான்க்கா” என்றாள். அந்த டாக்டர்களில் பெரும்பாலானவர்கள் அரசு ஊழியர்கள் இல்லை, அரசோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு சொந்தமாகக் கிளினிக் நடத்துபவர்கள். ஆனால் அவர்களில் பலர் வைத்திருக்கும் ஜிஎம்எஸ் என்ற ஒப்பந்தத்துக்கு முடிவுத் தேதியே கிடையாது. ஷரத்துகள் மட்டும் வருஷாவருஷம் ஏப்ரலில் மாறும், அது என்ன மாற்றம் என்று எல்லாரும் படிக்கிற மாதிரி முன்கூட்டியே வெளியிடுகிறார்கள். 2025-26க்கான மாற்றத்தைப் பிப்ரவரி கடைசியிலேயே சொல்லிவிட்டார்கள், டாக்டர்கள் சங்கமான பிஎம்ஏவும் ஒத்துக்கொண்டது. அதில் ஒரு ஷரத்து, 2025 அக்டோபர் 1 முதல் காலை 8 முதல் மாலை 6.30 வரை ஆன்லைனிலும் நோயாளிகளின் கோரிக்கையை வாங்க வேண்டும் என்பது. இதனால் தலைமேல் வேலை என்று தங்கை புலம்புகிறாள், பிஎம்ஏவும் பிற்பாடு இதற்காகவே சண்டை போட்டது.

எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த மணிக்கணக்கு இல்லை, பட்டியல். அங்கே ஒவ்வொருவரும் ஒரு கிளினிக்கில் பெயர் பதிந்திருப்பார்கள். கிளினிக்குக்கு வரும் பணத்தில் பெரிய பங்கு அந்தப் பட்டியலில் இருக்கும் தலைக்கு இவ்வளவு என்று, வயது, பாலினம், நோய் பார்த்து எடைபோட்டு வருகிறது. (ஏழைகள் நிறைந்த பகுதிக்கு இந்தக் கணக்கு போதவில்லை என்ற குறை அங்கே ரொம்ப நாளாகவே இருக்கிறது.) அதற்கு மேல் 2004 முதல் சுகர், பிபி கட்டுக்குள் வைத்திருப்பதற்குத் தனித் தொகை. அப்படி இருந்த 76 அளவுகோல்களில் 32ஐ இந்த 2025-26 மாற்றத்தில் எடுத்துவிட்டு, மாரடைப்பு, பக்கவாதம் தடுப்பதன் பக்கம் பணத்தைத் திருப்பியிருக்கிறார்கள். ஆக, வராத நோயாளியைத் தேடிப் பிடிப்பதும் அங்கே கிளினிக்கின் வேலைதான். தங்கையே வாரத்தில் ஒரு நாள் உட்கார்ந்து போன் போடுகிறாளாம்.

டெல்லியில் மொஹல்லா கிளினிக், அதாவது அரசின் சின்னப் பேட்டை கிளினிக், தொடங்கியபோது டாக்டருக்கு ஒரு நோயாளிக்கு இவ்வளவு என்று கொடுத்தார்கள். வந்தவர்களை எண்ணிக் கொடுக்கும் கூலி அது. வீட்டில் படுத்திருப்பவர் அந்தக் கணக்கில் எங்கே வருவார்?

இங்கே கர்நாடகத்தில் 2022 டிசம்பரில் நகரத்து ஏழைகளுக்காக அரசின் ‘நம்ம கிளினிக்’ வந்தது. மொத்தம் 438, பெங்களூரில் வார்டுக்கு ஒன்று என்று 243 திட்டம். ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், ஒரு லேப் டெக்னீஷியன், ஒரு குரூப் டி, அதாவது கடைநிலை ஊழியர். நல்ல திட்டம், மனசாரச் சொல்கிறேன், பஸ் காசு செலவழித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியவர்களுக்குத் தெருவிலேயே டாக்டர். தொடங்கியபோது நேரம் காலை 9 முதல் மாலை 4.30. வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிறவர்கள் அந்த நேரத்தில் எப்படி வருவார்கள் என்று அப்போதே நினைத்தேன்.

பட்டியல் நம்மிடம் இல்லாமலும் இல்லை. 30 வயதைத் தாண்டியவர்களுக்கெல்லாம் வீடு வீடாகப் போய் சுகாதாரப் பணியாளர்களான ஆஷா அக்காக்கள் படிவம் நிரப்புகிறார்கள், அது கம்ப்யூட்டரில் ஏறுகிறது. ஆனால் மாதக் கடைசியில் என்னிடம் முதலில் கேட்கப்படும் எண் ஓபி, அதாவது வந்துபோன வெளிநோயாளிகள், எத்தனை என்பதுதான். பூக்கார அம்மா வராத நான்கு மாதமும் எங்கள் ஓபி எண் குறையவே இல்லை.

அதனால்தான் சொல்கிறேன், காண்ட்ராக்ட் எழுதுகிறவர்கள் இரண்டு வரி மாற்றினால் போதும். ஒன்று, டாக்டருக்கும் நர்ஸுக்கும் குறைந்தது மூன்று வருஷம் ஒரே இடம் என்று எழுதுங்கள். இன்னொன்று, இந்தத் தெருக்களின் இத்தனை குடும்பம் உங்கள் பொறுப்பு என்று எழுதுங்கள், ஓபியோடு சேர்த்து அந்தக் குடும்பங்களில் யார் விட்டுப்போனார்கள் என்றும் கேளுங்கள். இதற்குப் புதுக் கட்டடம் வேண்டாம், பட்டியலும் ஏற்கெனவே இருக்கிறது.

அதுவரை ஒரு நீளநோட்டு போட்டிருக்கிறேன். சுகர், பிபி மாத்திரை வாங்குகிறவர்கள் பெயர், அடுத்து வர வேண்டிய தேதி. வெள்ளிக்கிழமை மதியம் நானும் ஆஷா அக்காவும் உட்கார்ந்து பார்ப்போம். இந்த வாரம் 11 பேர் வரவில்லை. ஏழு பேரை அக்கா வீட்டில் போய்ப் பார்த்துவிட்டார், இரண்டு பேர் ஊருக்குப் போயிருக்கிறார்கள், ஒருவர் வீடு மாறிவிட்டார். இன்னொருவரின் போன் அணைத்தே இருக்கிறது. நாளை டியூட்டி முடிந்ததும் அவர் வீட்டுக்கு நானே போகிறேன்.