நாலு பேருக்குக் கூழ் காய்ச்ச ஏலாது

யாழ்ப்பாணத்துக்குப் போனால் என்னென்ன சாப்பிட வேண்டும் என்று மட்டக்களப்பான் வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் போட்டிருந்தான். மொத்தம் பதினேழு சாமான். பத்துக்கு மேல் சாப்பிட்டோம். ஆனால் எழுத வேண்டும் என்று கை பரபரப்பது ஒன்றைப் பற்றித்தான், பனங்கிழங்கு மாவில் நண்டும் மீனும் போட்டுக் காய்ச்சும் ஒடியல் கூழ். மற்றதெல்லாம் போகிற வழியில் வந்தால் வரட்டும்.

நாங்கள் நாலு பேர். ஒரு காலத்தில் கொழும்பில் ஒரே அறையில் வாடகைக்கு இருந்தவர்கள். ஒருவன் மட்டக்களப்பு, ஒருவன் மலையகத்து ஹட்டன், ஒருவன் யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்துத் தீவான வேலணை, நான் திருகோணமலை. இப்படி நாலு ஊர்த் தமிழரை ஒரு வீட்டுக்குள் அடைத்தால் அரசியலால் சண்டை வராது, சாப்பாட்டால்தான் வரும். புட்டை எதோடு சாப்பிடுவது, சொதிக்குள் தக்காளி போடலாமா கூடாதா, தயிர் என்றால் எந்த ஊர்த் தயிர் என்று விடிய விடியக் கதைத்திருக்கிறோம் (கடைசிக் கேள்விக்கு இரண்டாவது பதில் ஒன்று இருக்கலாம் என்பதையே மட்டக்களப்பான் ஒப்புக்கொள்ள மாட்டான்). வேலணையான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுக் கடைசியில் ஒரே வசனம் சொல்வான்: "நீங்கள் ஒருத்தரும் ஒழுங்கா ஒடியல் கூழ் குடிக்கேல்லத்தானே." அதோடு கதை முடிந்துவிடும். ஏனென்றால் உண்மை அதுதான். நான் சின்ன வயதில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் குடித்திருக்கிறேன், நினைவில் இருப்பது நாக்கு எரிந்தது மட்டும்.

போயா (பௌர்ணமி) லீவு சனி ஞாயிறோடு ஒட்டி வந்ததால் கொழும்பு வெள்ளவத்தையில் இருந்து வெள்ளி இரவு பஸ் பிடித்தோம். பஸ்ஸைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. ஏசியைக் குறைக்கவே முடியாது என்று கண்டக்டர் சொல்லிவிட்டார், முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க இறங்கியபோதுதான் கை கால் மறுபடி என்னுடையதாக வந்தது. கச்சானும் அங்கேதான் வாங்கினோம், அது பட்டியலில் பத்தாவது.

சனிக்கிழமை டவுனில் கழிந்தது. காலைச் சாப்பாடு மலாயன் கபேயில். வாழை இலையில் தோசை, வடை, சம்பல். சாப்பிட்டு முடித்த இலையை நாங்களே மடித்துச் சுவரில் இருக்கும் ஒரு ஓட்டைக்குள் போட வேண்டும், ஹட்டனான் இதற்காகவே இன்னொரு தோசை சொன்னான். கோட்டைக்குப் போனோம், 1658-இல் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடம் இருந்து பிடித்து ஐந்து மூலை வைத்துத் திருப்பிக் கட்டியது, மதிலில் ஏறி நின்றால் பண்ணைக் கடல் முழுக்கத் தெரியும். வெயிலும் முழுக்க அடிக்கும். நூலகத்துக்கு வெளியே கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை. 1981-இல் எரிந்தபோது உள்ளே 97,000-க்கு மேற்பட்ட புத்தகங்கள் இருந்தன என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும், ஆனால் அந்த வெள்ளைக் கட்டடத்தை நேரே பார்த்துக்கொண்டு அந்த எண்ணை நினைப்பது வேறு. பின்னேரம் நல்லூர், அதன் பிறகு பக்கத்தில் ரியோவில் ஐஸ்கிரீம். அந்த உயரக் கண்ணாடிக் கோப்பைக்குள் ஜெலி, முந்திரி, மேலே வேஃபர் என்று கண்டதையும் அடுக்கி வைத்திருப்பார்கள். ருசியை விட அந்தச் சத்தம்தான் எனக்குப் பிடித்தது, மேசைக்கு மேசை குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து, குழந்தைகள் எல்லாம் கை நிறைய ஒழுக விட்டுக்கொண்டு.

பிழை நடந்தது இரவுதான். ஒரு சாப்பாட்டுக் கடையின் பலகையில் 'ஒடியல் கூழ்' என்று கண்டதும் மட்டக்களப்பான் உள்ளே இழுத்துக்கொண்டு போனான். வேலணையான் வேண்டாம் வேண்டாம் என்றான், கேட்டால்தானே. பிளாஸ்டிக் கிண்ணத்தில் வந்தது. ஆறிப்போய், சோளமா கரைத்த மாதிரித் தண்ணீராய், அடியில் இரண்டு இறால். ஹட்டனான் ஒரு வாய் வைத்துவிட்டு, "இதுக்காடா அஞ்சு வருசமா எங்களுக்குக் கதை சொன்ன நீ?" என்று கேட்டான். பகிடிக்குத்தான் கேட்டான். ஆனால் வேலணையானுடைய முகத்தைப் பார்க்க வேண்டும், அவனுடைய குலதெய்வத்தைப் பழித்த மாதிரி. அப்படியே எழும்பி வெளியே போய்ப் போன் எடுத்தான். எடுத்தது அவனுடைய பெரியம்மாவுக்கு.

ஸ்பீக்கரில் போட்டதால் நாங்களும் கேட்டோம்.

"எத்தினை பேரடா?"

"நாலு பேர், பெரியம்மா."

"நாலு பேருக்கு என்னெண்டு கூழ் காய்ச்சுறது?"

நாங்கள் நாலு பேர் கூடிப்போய்விட்டோம் என்றுதான் நான் நினைத்தேன். அப்படியில்லை. நாலு பேர் காணாது. கூழுக்குள் போக வேண்டிய சாமான் அவ்வளவு, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் போட்டாலே பானை நிறைந்துவிடும், நாலு பேருக்கு அளந்து காய்ச்ச அது என்ன தேத்தண்ணியா? பக்கத்து வளவுக்காரரையும் கூப்பிடுகிறேன், நாளைப் பின்னேரம் வாங்கோ, வரும்போது நண்டு மட்டும் கொண்டுவாங்கோ என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நெடுந்தீவு என்பது ஏற்கெனவே போட்ட திட்டம். விடிய ஐந்தரைக்கு ஒரு ஆட்டோவைப் பிடித்துப் பண்ணைப் பாலத்தால் வெளிக்கிட்டோம். இந்த வழியைப் பற்றி மட்டும் தனியாக ஒரு பதிவு எழுதலாம். இரண்டு பக்கமும் முழங்கால் அளவுக் கடல், அதற்குள் கம்பு கம்பாய் நட்டுக் கட்டிய வலைகள், ஒவ்வொரு கம்பிலும் ஒரு நீர்க்காகம். வேலணை தாண்டிப் புங்குடுதீவுக்கு இன்னொரு நீளமான தாம்போதி. அதன் முடிவில் குறிகாட்டுவான் இறங்குதுறை. அங்கே சனம் இரண்டாய்ப் பிரியும். வெள்ளை உடுப்புப் போட்ட யாத்திரைக்காரரும் பட்டுச்சேலை கட்டிய அம்மாக்களும் ஒரு பக்கம், அவர்கள் நயினாதீவுக்கு. நாக விகாரையும் நாகபூசணி அம்மனும் அந்த ஒரு தீவில்தான், கால் மணி நேரம் போதும். மற்றப் பக்கம் அரிசி மூட்டை, காஸ் சிலிண்டர், கோழிக்கூடு, ஒரு மோட்டார் சைக்கிள், லீவு முடிந்து போகிற ஒரு ரீச்சர். அது நெடுந்தீவுப் படகு, ஒரு மணித்தியாலம்.

ஹட்டனானுக்குக் கடல் புதுசு. "சோளகக் காற்று தொடங்கினால் இந்தப் படகு பாயும், இப்ப இது குளம்" என்று படகில் இருந்த ஐயா ஒருவர் ஆறுதல் சொன்னார். குளத்திலேயே அவன் மூன்று தடவை சத்தி எடுத்தான். அந்த ஐயாதான் ஒரு தேசிக்காயை நசுக்கி மணக்கக் கொடுத்தார், அதோடு கொஞ்சம் இருந்து வந்தான்.

இறங்கியதும் துறைக்குக் கிட்ட ஒரு நினைவுத்தூபி. 1985 மே 15-ஆம் திகதி குமுதினிப் படகில் இதே கடலால் போன சனத்தை நடுக்கடலில் வெட்டிக் கொன்றார்கள், கைக்குழந்தை கூடத் தப்பவில்லை. ஒரு மணித்தியாலம் அதே தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, பகிடி விட்டுக்கொண்டு வந்தவர்கள் நாங்கள். தீவைச் சுற்றிப் பார்க்க அங்கே பிடித்த ஆட்டோக்காரத் தம்பி எங்களை அவசரப்படுத்தவில்லை.

நெடுந்தீவில் முதலில் கண்ணில் படுவது வேலிகள். மற்ற ஊர்களில் கிடுகு வேலி, கம்பி வேலி, இங்கே கடற்கல்லை ஒன்றின் மேல் ஒன்றாய் அடுக்கி வைத்த வேலி, சாந்து கிடையாது, சீமெந்து கிடையாது, தலைமுறை தலைமுறையாய் அப்படியே நிற்கிறது. கல்லைக் கிட்டப் போய்ப் பார்த்தால் பூப்பூவாய்ப் பவளப்பாறை. பாவோபாப் என்கிற பெருக்கு மரத்தின் பொந்துக்குள் நாலு பேரும் நுழைந்து நின்றோம், இன்னும் இரண்டு பேர் நிற்கலாம். அரபு வணிகர்கள் கொண்டுவந்த மரம் என்று சொல்வார்கள், ஆபிரிக்க ஊர்களில் வளர்கிற மரம்தான் அது. ஒல்லாந்தர் காலத்துப் புறாக்கூடு பார்த்தோம், புறாவின் காலில் கடிதம் கட்டி அனுப்பிய காலம். மட்டக்களப்பான் சிக்னல் வராத தன்னுடைய போனை அதன் முன்னால் நீட்டிப் படம் எடுத்தான்.

அப்புறம் மட்டக்குதிரைகள். கட்டாமல், சேணம் இல்லாமல், வெறும் புல்வெளியில் கூட்டமாய் நின்றன. ஐரோப்பியர் கொண்டுவந்து வளர்த்தவற்றின் வம்சம், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோலன் என்ற பிரித்தானிய அதிகாரி இங்கே குதிரை வளர்ப்பைப் பெரிதாய் நடத்தினார் என்பார்கள். அவர்கள் எல்லாம் போய்விட்டார்கள், குதிரைகள் போகவில்லை. கடும் கோடையில் தண்ணீர் இல்லாமல் செத்துப் போவதும் உண்டாம். நாங்கள் பார்த்தபோது ஒரு குட்டி தாயின் வயிற்றுக்குக் கீழே நிழலில் நின்றது, அந்த வெளியில் வேறு நிழல் இல்லை. இந்தத் தீவுக்குப் போர்த்துக்கேயர் வைத்த பெயர் பசுத்தீவு, அவ்வளவு மாடு. அந்தத் தம்பி தெரிந்த வீட்டில் வாங்கிக் கொடுத்த தயிரைச் சாப்பிட்டுவிட்டு நாங்கள் மூன்று பேரும் மட்டக்களப்பானையே பார்த்தோம். "பரவாயில்லை" என்றான். அவன் வாயில் இருந்து அது வந்ததே பெரிய விஷயம்.

திரும்பும் படகுக்கு முன்னால் துறையிலேயே நண்டு வாங்கினோம், கடலில் இருந்து அப்போதுதான் கரைக்கு வந்தது. ஒரு சொப்பிங் பாக்கில் கொண்டுவந்ததில் இரண்டு, பையைக் கிழித்துக்கொண்டு படகுத் தட்டில் ஓடி, ரீச்சர் காலைத் தூக்கிக் கதிரையில் வைத்து (அவரும் அதே படகில் திரும்பி வந்தார், பள்ளிக்கூடம் அடுத்த நாள் இல்லை என்று போன பிறகுதான் ஞாபகம் வந்ததாம்), ஒரே அமளி.

வேலணையில் பெரியம்மா ஒடியல் மாவை முதலே தண்ணீரில் போட்டு வைத்திருந்தார். பனங்கிழங்கைப் பச்சையாய்க் கிழித்துக் காயவைத்தால் ஒடியல், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். புழுக்கொடியலை அப்படியே கடித்துத் தின்னலாம், ஒடியலுக்குக் கசப்பு உண்டு. அதனால்தான் மாவைத் தண்ணீரில் ஊறவிட்டு, மேலே தெளிந்து நிற்கும் தண்ணீரை ஊற்றிவிட்டு, மறுபடி தண்ணீர் விட்டு, மறுபடி ஊற்றி. "கடைக்காரருக்கு இதுக்கெல்லாம் எங்க நேரம்" என்று பெரியம்மா சொன்னபோது ஹட்டனான் தலையைக் குனிந்துகொண்டான்.

எங்களுக்கும் வேலை கொடுத்தார். எனக்கு நண்டு கழுவி உடைப்பது. மட்டக்களப்பானுக்குப் பலாக்கொட்டையின் தோல் உரிப்பது. ஹட்டனான் முருங்கை இலை ஆய்ந்தான். வளவுக்குள் மூன்று கல் வைத்து, பெரிய பானையில் தண்ணீர் கொதிக்க, முதலில் ஒரு பிடி அரிசி, பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, பயற்றங்காய். அவை பாதி வெந்ததும் நண்டு, இறால், ஓரா, ஒட்டி என்று சின்ன மீன்கள், ஒரு பெரிய மீனின் தலை. கடைசியில் செத்தல் மிளகாயும் மஞ்சளும் அரைத்த கூட்டு, பழப்புளிக் கரைசல், அதோடு ஒடியல் மாவைக் கரைத்து ஊற்றிப் பெரியப்பா அகப்பையால் துழாவிக்கொண்டே நின்றார். தண்ணீராய் இருந்தது மெல்ல மெல்லத் தடித்து, கொதி 'பொளக், பொளக்' என்று கனத்த சத்தமாய் மாறியது. முருங்கை இலையைப் போட்டு இறக்கினார்கள். அதற்குள் பொழுது பட்டுவிட்டது, பக்கத்து வளவுகளில் இருந்து ஆட்கள் வந்து சேர்ந்திருந்தார்கள், எண்ணிப் பார்த்தேன், பதின்மூன்று பேர்.

பனை ஓலையை மடித்துக் கோலிய பிளாவில் ஊற்றித் தந்தார்கள். இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும், கீழே வைக்க முடியாது, வைத்தால் ஊற்றுண்டு போகும். அதனால் போனும் எடுக்க முடியாது, படமும் இல்லை. முதல் வாய் சூடு மட்டும். இரண்டாவது வாயில் புளி. அதற்குப் பிறகு உறைப்பு ஏறுகிறது, ஏறிக்கொண்டே இருக்கிறது, மூக்கால் ஒழுகுகிறது, நடுவில் மாவாய்ப் போன பலாக்கொட்டை ஒன்று வாயில் கரைந்து கொஞ்சம் ஆறுதல் தருகிறது, அடுத்த வாயில் நண்டுக்கால். இடைக்கிடை கடிக்கத் தேங்காய்ச் சொட்டு. ஒடியலின் அந்த இலேசான காறல் மணம் எல்லாவற்றுக்கும் அடியில் இருந்துகொண்டே இருக்கிறது. ஹட்டனான் நாலு பிளா குடித்தான். கடலில் விட்டதை எல்லாம் திருப்பிப் பிடித்துவிட்டான் என்று பெரியப்பா சிரித்தார். வேலணையான் ஒன்றும் பேசவில்லை, எங்களைப் பார்த்துக்கொண்டே குடித்தான், அவனுடைய முகத்தில் இருந்த அந்தத் திமிரை நான் மன்னித்தேன்.

திங்கட்கிழமை பருத்தித்துறைக்குப் போய்த் தெருமூடி மடம் பார்த்ததும், தட்டை வடை இரண்டு கிலோ வாங்கியதும், அதில் ஒரு கிலோ வவுனியா வருவதற்கு முன்னே பஸ்ஸுக்குள் முடிந்ததும் பெரிய கதையில்லை.

பெரியம்மா ஆளுக்கு ஒரு கிலோ ஒடியல் மா கட்டித் தந்தார். என்னுடையது குசினி அலுமாரியில் இருக்கிறது. போன ஞாயிறு வெள்ளவத்தைச் சந்தையில் நண்டு விலை கேட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் திரும்பி வந்தேன். விலை ஒரு பக்கம் இருக்கட்டும், குரூப்பில் கேட்டால் அன்றைக்கு வர முடியும் என்று சொன்னவன் மட்டக்களப்பான் ஒருவன்தான்.