மேனேஜர் மெசேஜும் ஏறிப்போகும் தோளும்

மைண்ட்ஃபுல்னஸ், அதாவது இந்த நொடியில் நடப்பதை அப்படியே கவனிக்கிற பழக்கம், என்றாலே எனக்கு முதலில் எரிச்சல்தான் வரும். காரணம் ஆபீஸ். சாஃப்ட்வேர் ரிலீஸுக்கு முந்தின வாரம், ஆளாளுக்கு முடிக்க வேண்டிய வேலை டிக்கெட் டிக்கெட்டாகக் குவிந்து கிடக்கும் நேரம் பார்த்து, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு மன அழுத்தத்தைக் குறைப்பது எப்படி என்று ஒரு வெபினார் வைப்பார்கள், கேமராவை ஆன் பண்ணச் சொல்லி வேறு கட்டளை. நான்கு பேர் வேலையை இரண்டு பேர் செய்தால் மூச்சுப் பயிற்சி என்ன செய்யும்? இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி அந்தப் பழக்கத்தைப் பாராட்டித்தான் எழுதப் போகிறேன்.

ஜான் கபாட்-ஸின் என்பவர் 1979இல் அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் இதைச் சில வார வகுப்பாகத் தொடங்கினார். வந்தவர்களில் பலர் நாள்பட்ட வலிக்காரர்கள், மருந்து மாத்திரை எல்லாம் பார்த்து ஓய்ந்தவர்கள். வலியைப் போக்குகிறேன் என்று அவர் சொல்லவில்லை. வலி ஒரு பக்கம், “இனி என் வாழ்க்கையே இவ்வளவுதான்” என்று அதைச் சுற்றி ஓடும் புலம்பல் ஒரு பக்கம், இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கச் சொன்னார். ஒரே ஒரு உலர்திராட்சையைக் கையில் கொடுத்து, உருட்டிப் பார்த்து, முகர்ந்து, நிதானமாக மெல்லச் சொல்லும் பயிற்சிகூட அதில் உண்டு. படித்தபோது சிரிப்புதான் வந்தது. ஆனால் அந்தப் பிரித்துப் பார்க்கிற விஷயம் ஆபீஸ் வேலைக்கு அப்படியே பொருந்துகிறது.

மேனேஜரிடமிருந்து “ஃப்ரீயா? ஒரு கால்” என்று மெசேஜ் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் பதில் போடுவதற்குள் தோள் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் ஏறியிருக்கும், பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன், மனசு அப்ரைசல், லே-ஆஃப், வீட்டு லோன் இஎம்ஐ என்று ஒரு சுற்று போய்த் திரும்பியிருக்கும். பெரும்பாலும் அவருக்கு ஏதோ ஒரு எக்செல் ஷீட்டின் லிங்க்தான் வேண்டியிருக்கும்.

இப்போதெல்லாம் முதலில் கையைக் கீபோர்டிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறேன். மேசைக்கு அடியில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளங்கால் தரையில் படுவதைக் கவனிப்பேன், ஏசியில் டைல்ஸ் ஜில்லென்று இருக்கும். தோளை இறக்க வேண்டும் என்று மெனக்கெடுவதில்லை, ஏறியிருக்கிறது என்று தெரிந்தாலே பாதி இறங்கிவிடுகிறது. அப்புறம் நான்கைந்து மூச்சு, இழுப்பதைவிட விடுவது நீளமாக. மூச்சை விடும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் மந்தப்படுவது உடம்பின் இயல்பு, இதற்கு நம்பிக்கை எல்லாம் தேவையில்லை. இவ்வளவுக்கும் ஒரு நிமிஷம்கூட ஆகாது, பக்கத்து சீட்காரருக்கும் தெரியாது.

வீட்டிலும் இதே கதைதான். கை குக்கரைத் தேய்த்துக்கொண்டிருக்கும், மனசு காலை மீட்டிங்கில் ஒருவர் குத்தலாகச் சொன்னதற்கு இப்போது சூடாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும். 2010இல் ஹார்வர்டைச் சேர்ந்த கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் என்ற இருவர், போன் வழியாகப் பலரிடம் அவ்வப்போது “இப்போது என்ன செய்கிறீர்கள், எதை நினைக்கிறீர்கள்” என்று கேட்டு வெளியிட்ட ஆய்வில், கிட்டத்தட்ட 47 சதவீத நேரம் மனசு செய்கிற காரியத்தில் இல்லை. எனக்கு இன்னும் அதிகமாகவே இருக்கும். குக்கர் மூடியின் கேஸ்கெட் இடுக்கில் விரல் விட்டுத் தேய்க்கும் அந்த நேரமாவது அங்கேயே இருக்கப் பார்க்கிறேன்.

சென்னைக்குப் பக்கத்தில் திருமுடிவாக்கத்தில் விபாசனா என்ற தியானத்துக்குப் பத்து நாள் முகாம் இருக்கிறது, போனை வாங்கி வைத்துவிடுவார்கள், பேசக் கூடாது, முதல் மூன்று நாள் மூச்சை மட்டும் கவனிக்க வேண்டும். போக ஆசைதான். பத்து நாள் லீவு கேட்பதை நினைத்தால் அதுவே தனி டென்ஷன்.

எல்லோருக்கும் இது ஒத்துவராது. கண்ணை மூடி உட்கார்ந்தாலே படபடப்பு கூடுகிறவர்களும் உண்டு, அவர்கள் கண்ணைத் திறந்துகொண்டே நடந்து பார்க்கலாம், வேண்டாம் என்றால் விட்டுவிடலாம். வாரக்கணக்கில் தூக்கமே இல்லை என்றால் டாக்டரைப் பாருங்கள், மனநல உதவிக்கு அரசின் டெலி மானஸ் 14416 இலவச எண்ணும் இருக்கிறது.

எனக்குக் கிடைத்த பெரிய லாபம் அமைதி என்று சொல்ல மாட்டேன். பயத்தில் எல்லாவற்றுக்கும் “சரி, முடிச்சிடறேன்” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். போன மாதம் கூடுதலாக ஒரு மாட்யூலை என் தலையில் கட்டப் பார்த்தபோது, கையில் இருக்கும் வேலையை ஒவ்வொன்றாகச் சொல்லி, இதில் எதை நிறுத்தட்டும் என்று குரல் நடுங்காமல் கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்து அந்த மாட்யூல் அடுத்த ஸ்பிரிண்ட்டுக்கு, அதாவது அடுத்த கட்ட வேலைக்கு, போனது.