மன்னார்குடியிலிருந்து சிங்கப்பூருக்கு எவ்வளவு நேரம்?

"சிங்கப்பூர்தானே, நாலு மணி நேரத்துல போயிடலாம்" என்று எங்கள் பக்கத்தில் சர்வசாதாரணமாகச் சொல்வார்கள். திருச்சிக்கும் சிங்கப்பூருக்கும் வான்வழியில் ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர், பறக்கிற நேரம் சுமார் 4 மணி. கணக்கு சரிதான். ஆனால் டெல்டாக்காரர்களுக்குப் பயணம் திருச்சியில் தொடங்குவதில்லையே.

அக்காவைப் பார்க்கப் போன அன்று மன்னார்குடியில் விடிகாலை 5 மணிக்குக் கார் ஏறினோம். வடுவூரைத் தாண்டும்போது இன்னும் இருட்டு. தஞ்சாவூரில் ஒரு டீ. வல்லம், செங்கிப்பட்டி வழியாக விமான நிலையம் சேரும்போது ஏழரை. 2024 ஜனவரியில் திறப்பு விழா கண்ட புதிய முனையம் நல்ல விசாலம். இருந்தாலும் பெட்டியைப் போட்டு, குடியேற்றச் சோதனை முடித்து, விமானம் கிளம்பப் பத்தரை.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. வரைபடத்தில் திருச்சியையும் சிங்கப்பூரையும் நேர்கோட்டில் இணைத்தால், கோடு வேதாரண்யம் பக்கமாகத்தான் கடலுக்குள் இறங்கும். அதாவது, மேற்கே இரண்டரை மணி நேரம் போன நாங்கள், வந்த திசையிலேயே கிழக்கே திரும்பிப் பறந்தோம். இடப்பக்க ஜன்னலில் வயல்கள் கட்டம் கட்டமாக, சில நடவு முடிந்து பச்சையாக, சில தண்ணீர் நின்று வெயிலில் மின்னிக்கொண்டு. கால் மணி நேரத்துக்குள் டெல்டா முடிந்து கடல் வந்துவிட்டது.

எங்கள் தாத்தா காலத்தில் இப்படி மேற்கே சுற்ற வேண்டியதில்லை. நாகப்பட்டினத்திலேயே ரஜூலா கப்பல் ஏறினார், பினாங்கு வழியாகச் சிங்கப்பூர். கிட்டத்தட்ட ஒரு வாரம் ஆகுமாம். அதற்குப் பிறகு ஓடிய சிதம்பரம் கப்பல் 1985இல் தீப்பிடித்ததோடு அந்தக் கப்பல் போக்குவரத்தும் நின்றுபோனது.

டிக்கெட்டில் இருக்கும் நேரத்தைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் உண்டு. பத்தரைக்குக் கிளம்பி மாலை 5 மணிக்கு இறங்கும் என்று இருக்கும். சிங்கப்பூர் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது, அவ்வளவுதான். திரும்பி வரும்போது காலை 10 மணிக்கு ஏறினால் பதினொன்றரைக்கே திருச்சி என்று காட்டும்.

சாங்கியில் இறங்கி, ரயில் பிடித்து, அக்கா வீட்டுக் கதவைத் தட்டும்போது அங்கே மணி 7. அப்போதும் வெளிச்சம் மிச்சம் இருந்தது. நம் ஊரில் நாலரை. ஆக வீட்டுக்கு வீடு பதினொன்றரை மணி நேரம், அதில் பறந்தது 4 மணி.

அம்மா அப்பாவை அனுப்புகிறவர்கள் தயவுசெய்து இந்தப் பதினொன்றரையை வைத்துத் திட்டமிடுங்கள். நள்ளிரவு விமானம் விலை குறைவாகக் கிடைத்தாலும் பகல் விமானமே அவர்களுக்கு நல்லது. சிங்கப்பூர் வருகை அட்டையை, அங்கே இறங்குவதற்கு முந்தைய 3 நாளுக்குள் இணையத்தில் நீங்களே நிரப்பிக் கொடுத்துவிடுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது.