ஐந்தரை வருடப் பட்டத்தை ஓரமாக வைத்துவிட்டு எஸ்எஸ்எல்சி மார்க் ஷீட்டைக் கேட்டார்கள்

கவுன்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அம்மா என் பிஎன்ஒய்எஸ் (இயற்கை மருத்துவம், யோகா) பட்டத்தைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒன்றும் இல்லை. ஃபைலை என் பக்கமே தள்ளி, "இது வேண்டாம். பள்ளிக்கூடம் முடித்த சான்றிதழ் எங்கே?" என்றார்.

நாலரை வருடப் படிப்பு, ஒரு வருட இன்டர்ன்ஷிப், அரும்பாக்கம் அரசு யோகா மற்றும் இயற்கை மருத்துவக் கல்லூரி. கல்யாணமாகி ஜெர்மனிக்கு வந்த எனக்கு அது எதற்கும் உதவவில்லை. டாக்டர் அல்லாதவர் இங்கே வைத்தியம் பார்க்க ஹைல்பிராக்டிகர் அனுமதி வேண்டும். போன மாதம்தான் கைக்கு வந்தது. இரண்டு வருடம் ஆனது. அதில் பாதி என் தவறு என்பதால்தான் எழுதுகிறேன்.

முதல் எட்டு மாதம் மொத்தமாக வீண். பட்டத்துக்கு இங்கே அங்கீகாரம் வாங்கிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்து அலுவலகம் அலுவலகமாக அலைந்தேன். ஒரு இடத்தில், "இந்தியாவில் உங்களைப் பதிவு செய்யும் மத்திய கவுன்சில் எது?" என்று கேட்டார்கள். எனக்கு வாய் அடைத்துப்போனது. இந்திய மருத்துவ முறைகளுக்கான 1970 சட்டத்திலும் இயற்கை மருத்துவம் இல்லை, அதற்குப் பதிலாக வந்த 2020 தேசிய ஆணையச் சட்டத்திலும் இல்லை. ஆயுர்வேதம், சித்தா, யுனானி, சோவா ரிக்பா என்ற திபெத்திய மருத்துவம் ஆகியவற்றோடு பட்டியல் முடிந்துவிடுகிறது. நமக்கு மாநில அளவில்தான் பதிவு. இதை ஜெர்மனில் விளக்கி முடிப்பதற்குள் அவர் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்.

பிறகுதான் சட்டத்தையே எடுத்துப் படித்தேன். அதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். 1869 தொழில் சட்டத்துக்கு அப்புறம் இங்கே யார் வேண்டுமானாலும் வைத்தியம் பார்க்கலாம் என்று இருந்தது. 1939ல் நாஜி அரசு ஹைல்பிராக்டிகர் சட்டம் கொண்டுவந்து, இருப்பவர்களுக்கு அனுமதி கொடுத்து, புதியவர்களுக்குக் கதவை மூடியது. பயிற்சிப் பள்ளிகளையும் தடை செய்தது. அதாவது இந்தத் தொழில் தானாகச் செத்துப்போகட்டும் என்று போட்ட சட்டம். போருக்குப் பின் வந்த அரசியல் சாசனம் தொழில் சுதந்திரத்தை உறுதி செய்ததால், ஆபத்து இல்லாதவருக்கு அனுமதி கொடுத்தே ஆக வேண்டும் என்று 1957ல் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் சொல்லிவிட்டது. மூடப் போட்ட சட்டமே இன்று திறக்கிற சட்டம். அதனால்தான் இதற்குக் கட்டாயப் படிப்பு எதுவும் கிடையாது. 25 வயது, பள்ளிப் படிப்பு, நன்னடத்தை, உடல் தகுதி, அப்புறம் சுகாதார அலுவலகத்தின் தேர்வு. இவளால் மக்களுக்கு ஆபத்து வருமா என்பது மட்டும்தான் அவர்கள் கேள்வி. என்னால் எதைக் குணப்படுத்த முடியும் என்று கடைசிவரை யாரும் கேட்கவில்லை.

சரி, பேப்பர்களுக்கு வருகிறேன். எஸ்எஸ்எல்சி மார்க் ஷீட்டுக்கு அரசு அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அது நடந்தது. அங்கேதான் இனிஷியல் பிரச்சினை முளைத்தது. மார்க் ஷீட்டில் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக. "இந்த எழுத்து குடும்பப் பெயரா?" என்று மூன்று மெயில். கடைசியில் இரண்டும் ஒரே ஆள்தான் என்று உறுதிமொழி எழுதி, துணைத் தூதரகத்தில் அட்டெஸ்ட் செய்து கொடுத்தேன். ஊரிலிருந்து கிளம்பும் முன்பே இதை முடித்துக்கொள்ளுங்கள். இங்கே வந்து செய்தால் ரயில் செலவும் ஒரு நாள் லீவும் தண்டம்.

போலீஸ் நன்னடத்தைச் சான்றில் இரண்டு வகை உண்டு. 'என்' வகை நம் வீட்டுக்கு வரும், 'ஓ' வகை நேராக அலுவலகத்துக்குப் போகும். நான் வாங்கியது 'என்'. உறையைப் பிரிக்காமல் பத்திரமாகக் கொண்டுபோய் நீட்டினேன், வாங்க மறுத்துவிட்டார்கள். 13 யூரோ போனது கூடப் பெரிதில்லை. 'ஓ' வருவதற்குள் என் மருத்துவச் சான்றுக்கு மூன்று மாதம் தாண்டிவிட்டது, அது மறுபடி முதலிலிருந்து. எழுத்துத் தேர்வு வருடத்துக்கு இரண்டே முறை, மார்ச் மூன்றாம் புதன், அக்டோபர் இரண்டாம் புதன். விண்ணப்பக் கடைசி நாள் அதற்குப் பல மாதம் முன்பே வந்துவிடும். நான் அதைத் தவறவிட்டேன். ஒரு எழுத்துக்காக ஆறு மாதம்.

தேர்வு 60 கேள்வி, இரண்டு மணி நேரம், 45 சரியாக இருந்தால் தேர்ச்சி. முதல் முறை 43. உடற்கூறியலில் கையை வைத்த இடமெல்லாம் சரி. கவிழ்த்தது தொற்றுநோய்ச் சட்டம். எந்த நோயைத் தொடவே கூடாது, எதைச் சந்தேகம் வந்தாலே பெயரோடு 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பதை அலட்சியமாகப் புரட்டிவிட்டுப் போயிருந்தேன். கல்லூரியில் எங்களுக்கு ரொம்பப் பிடித்த கதை ஒன்று உண்டு. மகன் மணிலாலுக்கு டைபாய்டு கண்டபோது காந்தி, நீர்ச் சிகிச்சைக்குப் பெயர்போன லூயி கூனேயின் முறைப்படி, இடுப்பை நீரில் வைத்து உட்காரும் தொட்டிக் குளியல் கொடுத்துத் தேற்றினார் என்பது. இங்கே டைபாய்டு சந்தேகம் என்றாலே ஹைல்பிராக்டிகர் கையைக் கட்டிக்கொண்டு தகவல் சொல்ல வேண்டியதுதான். காந்தி இந்தத் தேர்வில் தேறியிருக்க மாட்டார் என்று சொல்லி என்னையே தேற்றிக்கொண்டேன்.

ஆயிரக்கணக்கில் கட்டணம் கேட்கும் பயிற்சிப் பள்ளிகள் நிறைய இருக்கின்றன. கட்டாயமில்லை. இரண்டாவது முறை பழைய வினாத்தாள்களை மட்டும் போட்டுப் போட்டுப் பார்த்தேன், 51 வந்தது. "எந்தக் கூற்றுகள் சரி" வகைக் கேள்விகளில் ஜெர்மன் வாக்கியத்துக்குள் ஒளிந்திருக்கும் ஒரு 'மட்டும்', ஒரு 'எப்போதும்' போதும், மார்க் போய்விடும்.

வாய்மொழித் தேர்வில் அரசு மருத்துவரும் கூட ஒரு ஹைல்பிராக்டிகரும் இருந்தார்கள். "முதுகுவலியோடு ஒருவர் வருகிறார், என்ன செய்வீர்கள்?" என் நாக்கில் மண் பட்டி (ஈர மண்ணை வைத்துக் கட்டும் சிகிச்சை) என்ற சொல் வந்து நின்றது. விழுங்கிவிட்டு, சிறுநீர் போகிறதா, உட்காரும் இடத்தில் மரத்துப்போயிருக்கிறதா என்று கேட்பேன் என்றேன். "சிறுநீர் நேற்றிலிருந்து போகவில்லை." "112க்கு போன் செய்வேன்." மருத்துவர் முதல் தடவையாகத் தலையாட்டினார்.

கடைசியில் என்ன சிகிச்சை தரப்போகிறீர்கள் என்றார். தொட்டிக் குளியல், கூனே முறை என்றேன். "யார் அது?" லைப்சிக்கில் சிகிச்சை நிலையம் வைத்திருந்த உங்கள் ஊர்க்காரர்தான், மருத்துவப் பட்டம் இல்லாதவர், அவர் புத்தகம் 1894லேயே தெலுங்கில் வந்துவிட்டது, நாங்கள் சென்னையில் படித்துத் தேர்வு எழுதுகிறோம் என்றேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாருக்கெல்லாம் அதைக் கொடுக்கக் கூடாது என்று கேட்டார். அதைச் சொன்னதும் ஃபைலை மூடினார். இரண்டு வருடத்தில் என் படிப்பு பேசிய இடம் அந்த ஐந்து நிமிடம்தான்.

வாசலில் பெயர்ப் பலகை மாட்டி அம்மாவுக்குப் படம் அனுப்பினேன். "பேருக்கு முன்னாடி டாக்டர் எங்கடி?" என்று உடனே போன். இங்கே அதைப் போட்டால் கேஸ் ஆகிவிடும் என்றேன். "அப்போ அந்த நீளமான வார்த்தைக்கு என்ன அர்த்தம்?" என்றார். 'ஹைல்பிராக்டிகரின்' (பெண் என்றால் கடைசியில் அந்த 'இன்' சேரும்) என்பதை மூன்று முறை சொல்லிக் காட்டினேன்.