வாசலில் பொலிஸ், பின்னால் இருட்டு

2004 டிசம்பர் 26இல் கடல் வந்து நாவலடியையும் கல்லடியையும் வாரிக்கொண்டு போன பிறகு, நிவாரண வேலைக்கு வந்த வெளிநாட்டவர்களுக்கு மொழிபெயர்க்கும் வேலை எனக்கு மட்டக்களப்பில் கிடைத்தது. ஆங்கிலம் நன்றாக வரும் என்ற தைரியம் இருந்தது. ஆனால் சேஃப்டி, செக்யூரிட்டி, புரொடெக்ஷன் மூன்றுக்கும் என் வாயில் வந்தது ஒரே சொல்தான்: பாதுகாப்பு.

ஒரு முகாமில் பெண்களோடு கூட்டம். இங்கே இருப்பது சேஃபா என்று அதிகாரி கேட்டார். "பாதுகாப்பா இருக்கிறீங்களா?" என்று நான் கேட்டேன். முன்வரிசையில் இருந்த வயதான அம்மா, "ஓம் புள்ள, கேற்றில பொலிஸ் நிக்குதுதானே" என்றார். அதை அப்படியே சொன்னேன். அதிகாரி கொப்பியில் ஒரு சரி போட்டார். அடுத்த கேள்விக்குப் போய்விட்டோம்.

கூட்டம் முடிந்ததும் அந்த அம்மா என் கையைப் பிடித்து முகாமின் பின்பக்கம் கூட்டிப்போனார். தகரத்தால் அடித்த மலசலகூடம். கதவுக்குக் கொக்கி இல்லை. ஆணியில் ஒரு துண்டுக் கயிறு சுற்றியிருந்தது. வழியில் ஒரு லைட்டும் இல்லை. "பொழுதுபட்டா குமருகளுக்குத் தண்ணி குடுக்கிறல்ல" என்றார். வயதுவந்த பிள்ளைகள் இரவில் அந்தப் பக்கம் போக வேண்டி வரக்கூடாதாம்.

அவர் பொய் சொல்லவில்லை. நான் கேட்டது காவலைப் பற்றி என்று நினைத்தார், காவல் இருந்தது, ஓம் என்றார். அதிகாரி கேட்டதோ, ஒரு தீங்கும் படாமல் இருக்கிறீர்களா என்பது. சேஃப் என்பதன் லத்தீன் வேரும் 'ஊறுபடாத' என்றுதான் பொருள் தரும். விமானத்தில் ஏற முன்பு பையைச் சோதிப்பது செக்யூரிட்டி. ஏறிய பிறகு ஆசனப் பட்டியைக் கட்டச் சொல்வது சேஃப்டி. ஒன்று கெடுதல் செய்ய வருகிறவனைத் தடுக்கிறது, மற்றது விபத்தில் காயம் படாமல் பார்க்கிறது. அந்த மலசலகூடத்து வழியில் இரண்டுமே இல்லை. கல் தடக்கி விழவும் வாய்ப்பு, எவனாவது மறைந்து நிற்கவும் வாய்ப்பு.

புரொடெக்ஷன் இன்னும் சிக்கல். தாய் தகப்பனைக் கடலில் இழந்த பிள்ளையை யாரும் தங்கள் இஷ்டத்துக்குக் கொண்டுபோகாமல், அதன் உரிமையைக் காப்பதை அந்தச் சொல்லால் சொல்வார்கள். 1998இல் வந்த தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் பெயரில் இருப்பது அந்தப் பாதுகாப்புத்தான். அதே சொல்தான் முப்படைகளுக்குப் பொறுப்பான பாதுகாப்பு அமைச்சிலும் இருக்கிறது. ஊர்ச்சனம் எதை என்று நினைக்கும்?

இத்தனைக்கும் தமிழில் சொல் பஞ்சம் இல்லை. யானைக்கு வயலில் இரவிரவாகப் பரணில் இருப்பதைக் காவல் என்கிறோம். பாண்டிருப்பில் தீ மிதிக்கிறவர்கள் கையில் கட்டுவது காப்பு. வங்கிக் கடனுக்கு வைக்கும் செக்யூரிட்டியைப் பிணை என்கிறோம், ஒருவரும் குழம்புவதில்லை. கடதாசியில் எழுதும்போதுதான் எல்லாவற்றையும் பாதுகாப்பு என்ற ஒரே பெட்டிக்குள் போட்டுவிடுகிறோம்.

அன்று பின்னேரமே அதிகாரியிடம் போய், நான் பிழையாகக் கேட்டுவிட்டேன் என்று சொன்னேன். சரியை வெட்டினார். அப்புறம் வந்த கூட்டங்களில் அந்தச் சொல்லையே நான் எடுக்கவில்லை. "இரவில கக்கூசுக்கு ஆரோட போவீங்க?" என்றுதான் கேட்டேன். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு கனநேரம் கதைத்தார்கள்.